கவ்வாத்துக் கத்தியும் பொக்கட் கத்தியும்

 

கொஞ்சம் நீளமான பதிவு இது. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள். வழமை போல எங்கள் ஊவா வரலாறுதான். ஆனால் இந்த முறை ராஜாக்களும் துரைமாரும் ஓரமாகத்தான் வருவார்கள். மம்பட்டியும் கத்தியும்தான் முன்னுக்கு.

போன தவணையில் தரம் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். வீட்டில் இருக்கும் பழைய கைக்கருவி ஒன்றைப் பற்றி விசாரித்து வர வேண்டும். அதன் பெயர் என்ன, யார் பாவித்தது, எந்த வேலைக்கு? கத்தி வகையறாவைப் பிள்ளைகள் பஸ்ஸில் கொண்டு வரக் கூடாது, பெரியவர்கள்தான் சாக்கில் சுற்றிக் கொண்டு வர வேண்டும் என்று அதிபர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்றைக்கு மேசையில் சேர்ந்த சாமான்களைப் பார்த்து நாங்களே திகைத்துப் போனோம். மம்பட்டி, அலவாங்கு, சுரண்டி, முள்ளு, பாக்குவெட்டி, தச்சு உளி, மீன் வெட்டும் கத்தி, குர்பானுக்கு மட்டும் வெளியே எடுக்கும் கத்தி என்று மேசை நிறைந்து விட்டது.

கடைசியில் டவுன் பொடியன் ஒருவன் எழுந்து, சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அளவு ஒரு சாமானை எடுத்து வைத்தான். வாப்பா கட்டாரிலிருந்து அனுப்பியதாம். விரித்தால் குறடு. மடித்து வைத்த பக்கத்தில் கத்தி, மரம் அறுக்கும் சின்ன வாள், அரம், டின் வெட்டி, இரண்டு திருப்புளி.

"சேர், இது ஒன்டு ஈந்தா இந்தச் சாமானெல்லாம் என்னத்துக்கு?" என்றான்.

வகுப்பு சிரித்தது. ஆனால் அது நியாயமான கேள்வி. எங்களிடம் உடனே பதில் இருக்கவில்லை. பதில் சொன்னவர் பேரனுக்காக வந்திருந்த ஒரு பெரியவர். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் கவ்வாத்து வெட்டியவர். அவர் முதலில் பொடியனின் சாமானைக் கையில் வாங்கி, ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். "நல்ல சாமான்" என்றார். வாங்கில் ஒரு வளைந்த ஆணி பல நாளாகப் பிள்ளைகளின் சீருடையைக் கிழித்துக் கொண்டிருந்தது. அந்தக் குறட்டாலேயே அதைப் பிடுங்கி எறிந்தார். வகுப்பு கை தட்டியது. மேசையில் கிடந்த மற்ற எந்தக் கருவியாலும் அந்த வேலையை அவ்வளவு லேசாகச் செய்திருக்க முடியாது.

பிறகு எங்களை வெளியே கூட்டிப் போனார். பின்பக்கக் கொய்யா மரத்தில் பெருவிரல் மொத்தத்தில் ஒரு கொப்பைக் காட்டி, பொடியனை வெட்டச் சொன்னார். சின்ன வாளால் அவன் இழுத்து இழுத்து அறுத்தான். முக்கால்வாசி போனதும் கொப்பு தன் பாரத்தில் சரிந்து, பட்டையை ஒரு சாண் நீளத்துக்கு உரித்துக் கொண்டு தொங்கியது. பெரியவர் பக்கத்துக் கொப்பில் தன் கத்தியைக் கீழே கொடுத்து மேலே ஒரே இழுப்பு இழுத்தார். அவ்வளவுதான்.

"தம்பி, ரெண்டு வெட்டையும் தொட்டுப் பாரு. ஒன்னோடது பஞ்சு மாதிரி இருக்கு. தண்ணி குடிச்சி அழுகிரும். இது வழவழன்னு இருக்கு, சரிவாவும் இருக்கு. தண்ணி நிக்காது. செடி பொழைக்கும்."

அவர் போன பிறகும் அந்தப் பொடியனின் கேள்வி எங்களை விடவில்லை. தேடிப் படித்ததில் தெரிந்து கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் பொக்கட் கத்தியின் கதை. எல்லோருக்கும் தெரிந்த சுவிஸ் கத்தி இராணுவ முகாமில் பிறந்தது. 1889 இல் சுவிட்சர்லாந்துப் படைக்கு ஒரு புதுத் துப்பாக்கி வந்தது. அதைக் கழற்றித் துப்புரவாக்கத் திருப்புளி வேண்டும். சிப்பாய் தகர டின்னில் அடைத்த சாப்பாட்டைத் திறக்கவும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கத்தி போதும் என்று படை தீர்மானித்தது. வெட்டும் அலகு, துளையிடும் ஊசி, டின் வெட்டி, திருப்புளி என்று நான்கே நான்கு. 1891 இல் கிடைத்த முதல் 15,000 கத்திகள் ஜேர்மனியின் சோலிங்கன் நகரத்தில் செய்யப்பட்டவை. எங்கள் நாட்டுப் படைக்கு எங்கள் நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று முன்வந்தவர் கார்ல் எல்செனர். அவர் 1884 இல் இபாக் என்ற ஊரில் சிறு பட்டறை போட்டிருந்தார். 1897 இல் அவர் பதிவு செய்த அதிகாரிகளுக்கான கத்திதான் இன்று உலகம் முழுக்கத் தெரிந்த சிவப்புக் கத்தியின் முன்னோர். அந்தப் பட்டறைதான் இன்றைய விக்டோரினொக்ஸ் கம்பனி.

பொடியன் கொண்டு வந்தது போன்ற குறடு வைத்த சாமானுக்கு வயது குறைவு. டிம் லெதர்மன் என்ற அமெரிக்கர் 1975 இல் ஒரு பழைய பியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். வழியில் கார் மக்கர் பண்ணும். தங்குமிடத்தில் தண்ணீர்க் குழாய் ஒழுகும். கையில் இருந்த கத்தியில் குறடு இல்லையே என்ற ஆதங்கம் ஊர் திரும்பிய பிறகும் போகவில்லை. கம்பனிகள் கை விரித்தன. கடைசியில் ஒரு நண்பரோடு சேர்ந்து 1983 இல் தானே செய்து விற்கத் தொடங்கினார்.

இப்படிப் பல கருவியை ஒன்றாக மடித்து வைக்கும் யோசனை வெள்ளைக்காரருக்கு மட்டும் வந்ததல்ல. எங்கள் ஆசிரியத் தொழிலிலேயே அது இருந்திருக்கிறது. உ.வே.சாமிநாதையர் தன் 'என் சரித்திரம்' நூலில், ஓலையில் எழுதிய காலத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லும்போது மடக்கெழுத்தாணியைக் குறிப்பிடுகிறார். ஒரு பிடி. ஒரு பக்கம் எழுத்தாணி, மறுபக்கம் ஓலையைச் சீவும் கத்தி. இரண்டையும் மடக்கிப் பிடிக்குள் அடக்கி விடலாம். இன்றைக்கு நாங்கள் பையில் போட்டுத் திரியும் பேனாக் கத்தியின் மூத்தவாப்பா அது.

சிப்பாய், பிரயாணி, ஓலையும் கையுமாகத் திரிந்த தமிழ் வாத்தியார். இந்த மூன்று பேருக்கும் பொதுவான ஒரு விஷயம் உண்டு. பட்டறையையும் வீட்டையும் விட்டுத் தூரத்தில் தனியாக இருப்பவர்கள். என்ன தேவை வரும் என்று முன்கூட்டியே தெரியாதவர்கள். பொக்கட் கத்தி அவர்களுக்காகப் பிறந்தது. ஒவ்வொரு வேலையையும் அது கொஞ்சம் கொஞ்சம் செய்யும். முழுதாகச் செய்ய அதற்கு உடம்பு போதாது. பிடி குட்டை, அதனால் நெம்பும் பலம் குறைவு. மடிக்கும் மூட்டு இருக்கிறது, அதனால் ஓங்கி வெட்ட முடியாது. பக்கத்தில் இன்னும் ஏழு சாமானுக்கு இடம் விட வேண்டும், அதனால் அலகு மெல்லியது. இதை அதன் குறை என்று சொல்ல மாட்டோம். தூக்கிக் கொண்டு திரிவதற்குக் கொடுத்த விலை அது.

எங்கள் ஊவாப் பக்கத்துக் கருவிகளின் கதை வேறு பாதையில் வந்தது. அது இரும்பிலிருந்து தொடங்குகிறது.

ஹல்துமுல்லைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் பலாங்கொடையை அண்டிய சமனலவெவ. நீர்த்தேக்கம் கட்டப்பட்ட காலத்தில் அங்கே தொல்பொருள் ஆய்வு நடந்தது. ஜில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர், மேற்குப் பார்த்த மலைச் சரிவுகளில் பழைய இரும்பு உருக்கும் உலைகளை வரிசை வரிசையாகக் கண்டார். துருத்தி ஊத ஆள் வைக்காமல், தென்மேற்குப் பருவக் காற்றையே உலைக்குள் விட்டு இரும்பு உருக்கியிருக்கிறார்கள். அவர் தானே அதே மாதிரி உலை கட்டி, காற்றடிக்கும் காலத்தில் உருக்கியும் காட்டினார். 1996 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியான அந்த ஆய்வின்படி இந்தத் தொழில் 7 ஆம் நூற்றாண்டு முதல் 11 ஆம் நூற்றாண்டு வரை செழித்திருக்கிறது. அதே காலத்தில், 9 ஆம் நூற்றாண்டில், பக்தாதில் இருந்த அறிஞர் அல்-கிந்தி வாள்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் சரந்தீபின் பெயரும் வருகிறது. சரந்தீப் எங்கள் நாடுதான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலையைத் தாண்டி வந்து ஊவாத் தேயிலைக்கு அந்தத் தனி வாசனையைக் கொடுப்பதும் இந்தத் தென்மேற்குக் காற்றே.

கண்டி ராச்சிய காலத்தில் எங்கள் முன்னோர் தவளம் ஓட்டினார்கள். கரையிலிருந்து உப்பும் கருவாடும் பொதிமாட்டில் ஏற்றி மலைக்கு வருவார்கள். திரும்பும்போது பாக்குக் கொண்டு போவார்கள். பாக்குவெட்டி எங்கள் வீடுகளில் வெறும் வெற்றிலைத் தட்டுச் சாமான் அல்ல. அது ஒரு காலத்து வியாபாரத்தின் ஞாபகமும்தான்.

பிறகு கோப்பி வந்தது. காடு வெட்டும் வேலையைச் சிங்களக் கிராமத்தார் கோடாலியோடு ஒப்பந்தத்துக்கு எடுத்தார்கள். அவர்களுடைய முறையைப் படித்தபோது எங்களுக்கு மெய் சிலிர்த்தது. சரிவின் அடியிலிருந்து மேலே போகப் போக ஒவ்வொரு மரத்தையும் பாதி மட்டும் வெட்டி விடுவார்கள். ஒன்றும் விழாது. உச்சியில் நிற்கும் பெரிய மரத்தை மட்டும் முழுதாக வெட்டிச் சாய்ப்பார்கள். அது அடுத்த வரிசையில் விழ, அது அதற்கடுத்ததில் விழ, மலை முழுதும் ஒரே இரைச்சலோடு படுத்து விடும். எந்த மரம் எந்தப் பக்கம் சாயும், எவ்வளவு ஆழம் வெட்டினால் காற்றுக்கு நிற்கும் என்ற கணக்கெல்லாம் கோடாலி பிடித்தவரின் கையில்தான் இருந்தது. அப்படி எத்தனை காடு அழிந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. அந்தக் கோப்பியைத் தின்ற இலைநோய் 1869 இல் முதலில் கண்ணில் பட்டது எங்கள் மடுல்சீமைப் பக்கத்தில்தான். கோப்பி போய், சிங்கோனா வந்து, அதுவும் போய், தேயிலை நிலைத்தது. 1890 இல் தோமஸ் லிப்டன் வந்து ஹப்புத்தளைப் பக்கம் தோட்டங்களை வாங்கினார். சுவிஸ் சிப்பாயின் பைக்குள் அந்த நாலு சாமான் கத்தி போனது அதற்கு அடுத்த வருஷம்.

அங்கே ஒரு ஆளின் பையில் நாலு கருவி. இங்கே ஒரு கருவியின் பின்னால் ஒரு கூட்டம் ஆட்கள். தோட்டம் அப்படித்தான் நடந்தது. விடிய முன்னம் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை ஆட்களைப் பிரிப்பார். மம்பட்டிக்காரர் கான் வெட்டப் போவார்கள். முள்ளுக்காரர் மண்ணைக் கிளறி விடப் போவார்கள். கல் புரட்டுகிறவர் அலவாங்கைத் தோளில் போடுவார். சுரண்டி பிடித்தவர்கள் புல்லு மலைக்கு. கவ்வாத்துக்காரர் கவ்வாத்து மலைக்கு. பெண்கள் கூடையை நெற்றியில் மாட்டிக் கொண்டு, மட்டம் பார்க்கும் ஒரு மெல்லிய கம்போடு கொழுந்துக்கு. அந்தக் கம்பை நாங்கள் கருவி என்றே நினைப்பதில்லை. செடியின் மேல் அதைக் கிடத்தி, அதற்கு மேலே நிற்கும் தளிரை மட்டும் கிள்ளுவார்கள். ஒரு சதம் செலவில்லாமல் ஒரு மலையையே மேசை போல மட்டமாக வைத்திருந்தது அந்தக் கம்பு.

இந்தச் சொற்களையும் கொஞ்சம் கவனியுங்கள். 'மம்பட்டி' எங்கள் மண்வெட்டிதான். துரைமார் அதை அப்படியே தங்கள் ஆங்கிலத்தில் எடுத்துக் கொண்டார்கள். தமிழ்நாட்டில் கடப்பாரை என்பதை நாங்கள் அலவாங்கு என்கிறோம். அது போர்த்துக்கேயர் நெம்புகோலுக்குச் சொன்ன பெயர். 'பிரட்டு' என்பது பட்டாளத்துப் பரேட். 'கவ்வாத்து' எங்கிருந்து வந்தது தெரியுமா? தமிழ் அகராதியில் கவாத்து என்றால் பட்டாளப் பயிற்சி, மரத்தை வெட்டி ஒழுங்கு செய்வது என்று இரண்டு பொருளும் உண்டு. மூலம் அரபு: 'கவாஇத்', அதாவது ஒழுங்குவிதிகள். அதன் ஒருமைதான் 'காயிதா'. எங்கள் பிள்ளைகள் மத்ரசாவில் முதன்முதலில் தூக்கும் நூரானி காயிதாவும், தோட்டத்து அப்பாமார் இடுப்பில் செருகிய கவ்வாத்துக் கத்தியும் ஒரே வேர்ச்சொல்லைப் பகிர்கின்றன. இதைச் சொன்னதும் வகுப்பில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டார்கள்.

இனிக் கத்திக்கு வருவோம். தேயிலையை விட்டால் மரமாக வளர்ந்து விடும். மூன்று முதல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தாழ வெட்ட வேண்டும். அதுதான் கவ்வாத்து. வெட்டு பிளந்தால், பட்டை கிழிந்தால், அந்தப் புண் வழியே அழுகல் இறங்கி, செடியின் கட்டையையே வருஷக் கணக்கில் தின்னும். ஆகவே கத்தி உள்பக்கம் வளைந்திருக்கிறது, கொப்பு வழுக்கி விலகாமல் இருக்க. அலகு கனமாக இருக்கிறது, ஒரே இழுப்பில் போக. கீழிருந்து மேலே இழுப்பது பிளவு வராமல் இருக்க. எந்தக் கொப்பை வெட்டுவது, உயிர் பிடித்திருக்க எந்த இலைக் கொப்பை விடுவது, எது செத்த கட்டை என்பதை ஒவ்வொரு செடியிலும் ஒரு கண நேரத்தில் முடிவெடுக்க வேண்டும். அதுவும் செங்குத்தான மலையில், குனிந்தபடி, கணக்கப்பிள்ளை குறித்துக் கொடுத்த எண்ணிக்கை முடியும் வரை. ஒரு வெட்டுப் பிசகினால் செடிக்கு. கை பிசகினால் காலுக்கு.

இவ்வளவையும் தெரிந்தவருக்குச் செக்ரோலில் என்ன பெயர்? கூலி. மம்பட்டிக்கும் ஒரு நாள் பேர், கவ்வாத்துக்கும் ஒரு நாள் பேர். தச்சனை வித்தை தெரிந்தவன் என்றோம். கொல்லனை வித்தை தெரிந்தவன் என்றோம். கவ்வாத்துக்காரரை மட்டும் உடம்பால் உழைப்பவர் என்று எழுதி வைத்தார்கள். நாங்களும் பாடப் புத்தகத்தில் அப்படியே படித்து, கலாசாலைக்குப் போய், அதையே திரும்பப் படிப்பித்தோம். அன்றைக்குக் கொய்யா மரத்தடியில் நின்றபோது வெட்கமாக இருந்தது.

ஒரே வேலைக்கான கருவி எல்லாம் நல்லது, பல வேலைக்கானது எல்லாம் பொய் என்று சொல்ல வரவில்லை. சுரண்டியைப் பாருங்கள். புல்லைச் சுரண்டுவது ஒன்றுதான் அதன் வேலை. அதைத் திறமாகவே செய்தது. வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டம் என்றால் ஒரு புல்லும் இல்லாமல் வழித்துத் துடைத்தது போல இருக்க வேண்டும் என்ற பித்து இருந்தது. சுரண்டி புல்லோடு மேல்மண்ணையும் தளர்த்தி விட, ஒவ்வொரு மழைக்கும் மலையின் தோல் ஆற்றில் போனது. மண்ணரிப்பு கடைசியில் நாட்டுக்கே கவலையாகி, 1951 இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறகு களைக்கொல்லி வந்து சுரண்டியை ஓரங்கட்டியது. 2015 இல் கிளைபோசேட் தடை செய்யப்பட்டதும் புல்லு வெட்ட மறுபடி கையும் கருவியும் தேவைப்பட்டன. 2018 இல் தேயிலைக்கும் றப்பருக்கும் தடை நீங்கியது. ஒரு வேலைக்கென்றே செய்த கருவி, செய்யக் கூடாத வேலையையும் அதே திறமையோடு செய்யும். எங்கே நிறுத்த வேண்டும் என்பது இரும்புக்குத் தெரியாது. பிடித்தவருக்குத் தெரிய வேண்டும், அவருக்கு நிறுத்தும் உரிமையும் இருக்க வேண்டும். சுரண்டி பிடித்த பெண்ணுக்கு அந்த உரிமை இருக்கவில்லை.

கருவிக்குப் பின்னால் இருந்த சங்கிலியும் அறுந்து விட்டது. இரும்பு உருக்கிய காலத்தில் உருக்குபவர், அடிப்பவர், பிடி போடுபவர், பாவிப்பவர் எல்லோரும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இரும்பும் கருவியும் கப்பலில் வந்தன. இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்ப்டன் நகரத்து சில்லிங்டன் கம்பனி, முதலை மார்க் போட்ட மண்வெட்டிகளை உலகமெங்கும் உள்ள குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பியது. எங்கள் ஊர்க் கொல்லனுக்கு மிஞ்சியது பிடி மாற்றுவதும் முனை அடிப்பதும்தான். இப்போது அதுவும் இல்லை. மம்பட்டி தேய்ந்தால் ஹாட்வெயார் கடையில் புதியது வாங்குகிறோம். பழைய மம்பட்டி கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது.

தீட்டுவதும் மறந்து போகிறது. இது எங்கள் சமூகத்துக்குச் சொல்ல வேண்டிய விஷயம். அறுக்கும் பிராணியை வதைக்காமல் இருக்கக் கத்தியை நன்றாகத் தீட்டிக் கொள்ள வேண்டும் என்பது நபிகளார் (ஸல்) காட்டிய வழி. பிராணியின் கண் முன்னால் தீட்டக் கூடாது என்பதும் அந்த ஒழுக்கத்தில் சேர்ந்தது. ஒரு கருவியைக் கூர்மையாக வைத்திருப்பது இரக்கத்தின் ஒரு பகுதி என்று எங்களுக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. ஆனால் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள் ஊரில் கத்தி தீட்டத் தெரிந்த ஒருவரைத் தேடி எத்தனை வீட்டார் அலைகிறோம்?

2019 ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 21 இன் கொடுமைக்குப் பிறகு, மே மாதத் தொடக்கத்தில், வாள்களையும் பெரிய கத்திகளையும் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்குமாறு நாடு முழுவதும் அறிவித்தார்கள். அன்றாட வேலைக்கான கத்திகளுக்கு விலக்கு என்றும் சொன்னார்கள். அந்த நாட்களில் எங்கள் வீடுகளில் ஒரே கதைதான். எது அன்றாடம்? வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் குர்பான் கத்தி அன்றாடமா? எங்கள் சொந்தத்தில் ஒரு வீட்டில், பயத்தில் மூத்தவாப்பாவின் கத்தியை வாழைமரத்தடியில் புதைத்தார்கள். நிலைமை தெளிந்த பிறகு தோண்டினால், துருதான் கையில் வந்தது.

அதையெல்லாம் நினைக்கும்போது ஒன்று விளங்குகிறது. தனி வேலைக்கான கருவியில் பாதி அறிவுதான் இரும்பில் இருக்கிறது. மறுபாதி பிடித்த கையில் இருக்கிறது. வளைந்த அலகைப் பார்த்து "இது தேயிலைக்கு, இந்த வளைவு இதற்காக" என்று சொல்லும் ஆள் பக்கத்தில் இருந்தால் அது கருவி. அந்த ஆள் போய் விட்டால், தெரியாதவர் கண்ணுக்கு அது ஆயுதம், பிள்ளைகள் கண்ணுக்குப் பழைய இரும்பு. பொக்கட் கத்திக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஒவ்வொரு சாமானும் என்ன செய்யும் என்று பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே படம் போட்டிருக்கும். மம்பட்டிக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் தாள் இல்லை. அந்தத் தாள் எங்கள் ஊர்ப் பெரியவர்கள்தான்.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். பெரிய இயந்திரங்கள் வந்து சேரும் வரை மண்ணைத் தோண்ட மம்பட்டியும் வெறுங்கையும்தான். அந்த நேரத்தில் பொக்கட் கத்தி எதற்கு? அதே சமயம் அன்றிரவு இடம்பெயர்ந்தவர்கள் தங்கிய பள்ளிக்கூடத்தை நினைத்தால், டின் திறக்க, கயிறு வெட்ட, கழன்ற வயரை முறுக்க, அப்படி ஒரு சாமான் நூறு வேலைக்கு உதவியிருக்கும். எது பெரியது என்று கேட்பதே பிழை. எங்கே நிற்கிறோம் என்றுதான் கேட்க வேண்டும்.

ஆகவே அந்தப் பொடியனுக்கு எங்கள் பதில் இது. மகனே, வாப்பா அனுப்பிய சாமானைப் பத்திரமாக வைத்துக் கொள். பிரயாணத்தில், பஸ் பழுதாகி நிற்கும்போது, கரன்ட் போன இரவில், வீட்டில் தனியாக இருக்கும்போது அது உனக்குத் தோழன். விமானத்தில் ஏறும்போது மட்டும் கைப்பையில் போடாதே, பிடுங்கிக் கொள்வார்கள். ஆனால் ஒரு வேலையை ஆயிரம் தரம் செய்ய வேண்டி வந்தால், அந்த வேலையால் ஒரு செடியோ ஒரு உயிரோ பிழைக்க வேண்டியிருந்தால், அதற்கென்று செய்த கருவியைத் தேடு. கருவியைத் தேடுவதற்கு முன் அதைப் பிடிக்கத் தெரிந்தவரைத் தேடு.

தேடினால் கிடைப்பார்கள். ஆனால் நாள் அதிகம் இல்லை. சில தோட்டங்களில் இப்போது இயந்திரத்தால் கவ்வாத்து வெட்டுகிறார்கள், கத்தரி வைத்துக் கொழுந்து எடுக்கிறார்கள். முதுகெலும்பு தேயக் குனிந்த வேலை குறைவதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. அந்த வேலையைப் பிள்ளைகளும் செய்ய வேண்டும் என்று எந்தப் பெரியவரும் எங்களிடம் சொல்லவில்லை. அவர்கள் கேட்பது வேறு. தாங்கள் செய்தது வித்தை என்று யாராவது எழுதி வைக்க வேண்டும்.

அதைத்தான் தொடங்கியிருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் ஒரு கொப்பி போட்டிருக்கிறோம். ஒரு பக்கத்துக்கு ஒரு கருவி. உங்கள் வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில் அப்படி ஒரு சாமான் இருந்தால், அதன் படத்தோடு மூன்று விஷயம் எழுதி அனுப்புங்கள். உங்கள் ஊரில் அதற்கு என்ன பெயர், எந்த வேலைக்கு, அதைப் பிடிக்க உங்களுக்கு யார் பழக்கினார். ஒஸ்தா மாமாவின் சவரக் கத்தியானாலும் சரி, லயத்துக் கூரையில் செருகிக் கிடக்கும் கவ்வாத்துக் கத்தியானாலும் சரி, உம்மம்மாவின் பாக்குவெட்டியானாலும் சரி. தமிழ், முஸ்லிம், சிங்களம் என்ற பிரிவு இந்தக் கொப்பியில் இல்லை. மேசையிலும் அன்றைக்கு இருக்கவில்லை.

கடைசியாக ஒன்று. அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு, கேற்றடியில் அந்தப் பொடியன் பெரியவருக்காகக் காத்து நின்றான். தன் சாமானின் கத்தி மொட்டையாகி விட்டதாம், எப்படித் தீட்டுவது என்று கேட்டான். பெரியவர் இடுப்பு மடியிலிருந்து தேய்ந்து நடுவில் பள்ளம் விழுந்த ஒரு கல்லை எடுத்தார். படிக்கட்டில் உட்கார்ந்து, கல்லில் தண்ணீர் தெளித்து, அவனுடைய கையைப் பிடித்துச் சாய்வைக் காட்டிக் கொடுத்தார். இரண்டு பஸ் போய் விட்டது. இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

வஸ்ஸலாம்.